கேட்ட படங்கள்: ஒலிச்சித்திரம் முதல் ஒலி விவரணை வரை

திரைப்படம் என்றால் பார்ப்பதற்குரியது என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை பல படங்களைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டு முடித்துவிட்டது. முழுநீளப் படம் ஒன்றின் ஒலித்தடத்தை, கதைத்தொடர்ச்சி கெடாமல் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி வானொலியில் ஒலிபரப்பினார்கள். அதற்கு அமைந்த பெயர் ‘ஒலிச்சித்திரம்’. ஏலமலை அடிவாரம் போன்ற ஊர்ப்புறங்களில் இதன் அருமை தனியானது. ஏலக்காயைத் தரம் பிரிப்பவருக்குக் கண்ணும் கையும் காயின்மேல் இருந்தாக வேண்டும். ஓய்வாக இருப்பது காது ஒன்றுதான். வானொலி முன் பார்வையுள்ளவரும் பார்வையற்றவரும் ஒரே நிலையில் அமர்ந்து ஒரே கதையைக் கேட்டார்கள். அந்தச் சமநிலை எப்படி வந்தது, எப்படிப் போனது, மீண்டும் வருவதற்கு வழி உண்டா என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கதையை மௌனப்படக் காலத்திலிருந்து தொடங்க வேண்டும். திருச்சியில் ரயில்வே எழுத்தராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியை வாங்கி, கூடாரமடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். பின்னர் கொட்டகைகள் எழுந்தன. அந்நாளில் திரையருகே ஒருவர் நின்று, நடப்பதை உரத்த குரலில் விளக்குவார். இடையிடையே வரும் எழுத்துகளை வாசித்துக் காட்டுவார். படிக்கத் தெரியாதவர்கள் மிகுந்திருந்த அவையில் அவரின்றிப் படம் ஓடாது. ஜப்பானில் இவரையொத்த கலைஞருக்குப் ‘பென்ஷி’ என்று பெயர். தெருக்கூத்தின் கட்டியங்காரனை அறிந்திருந்த நம் மக்களுக்கு இப்படியொரு சொல்லி புதியவர் அல்லர். கண் தெரியாத ஒருவர் அந்தக் கொட்டகையில் வந்து அமர்ந்திருந்தால், அவருக்கும் கதையில் பாதிக்கு மேல் கிடைத்திருக்கும். 1931 அக்டோபர் 31 அன்று ‘காளிதாஸ்’ வெளியாகி, திரை பேசத் தொடங்கியதும் அந்தச் சொல்லிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

ஆயினும் பேசும் படம் தமிழில் மிகுதியாகவே பேசியது. நாடக மேடையிலிருந்து வந்த நடிகர்களும் எழுத்தாளர்களும் உரையாடலையே படத்தின் முதுகெலும்பாக வைத்தனர். ‘பராசக்தி’ (1952), ‘மனோகரா’ (1954) ஆகியவற்றின் வசனங்கள் மனப்பாடமாயின. ஏ.பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ (1965) கதை வசன இசைத்தட்டாக வந்து, கோயில் திருவிழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் ஒலிபெருக்கியில் முழங்கியது. பின்னர் ஒலிநாடாவிலும் விற்றது. தருமியும் நக்கீரரும் பேசுவதைக் கேட்டாலே காட்சி முழுவதும் கண்முன் நின்றது. தென்மாவட்டங்களில் இலங்கை வானொலி தெளிவாகக் கேட்டது; அகில இந்திய வானொலி திருச்சியில் 1939-இலும் திருநெல்வேலியில் 1963-இலும் மதுரையில் 1987-இலும் நிலையம் அமைத்தது. ஒலிச்சித்திரம் இந்த மண்ணில் வேரூன்றியதற்கு வானொலியின் வீச்சு ஒரு காரணம். நம் படங்களின் பேச்சு மிகுதி அதைவிடப் பெரிய காரணம்.

ஆனால் ஒலிச்சித்திரம் பார்வையற்றோருக்கென்று உருவானதன்று. படம் எங்கே பேசாமல் காட்டியதோ, அங்கே கேட்பவர் கைவிடப்பட்டார். இது மிகக் கூர்மையாகத் தெரிவது, குடும்பத்தோடு குழந்தைகளும் கண்டு மகிழ்ந்த மாயாஜாலப் படங்களில்தான். கே.வி. ரெட்டி இயக்கிய ‘மாயாபஜார்’ (1957) படத்தை எடுத்துக்கொள்வோம். கல்யாண விருந்துக் காட்சியில் கடோத்கசனாக வரும் எஸ்.வி. ரங்காராவ் தனியே அமர்ந்து அத்தனை பண்டங்களையும் தீர்க்கிறார். திருச்சி லோகநாதனின் குரலிலிருந்து விருந்தின் வகைகளும், இடையில் வரும் பெருஞ்சிரிப்பிலிருந்து உண்பவரின் களிப்பும் விளங்கிவிடுகின்றன. ஆனால் பண்டங்கள் தாமே எழும்பி அவர் வாய்க்குள் பாய்வதும், தட்டுகள் தாமே காலியாவதும் ஒலியில் இல்லை. குழந்தைகள் கைகொட்டிச் சிரிப்பது அதற்காகத்தான். கேட்பவருக்கோ அது ஒரு நல்ல பாட்டு, அவ்வளவே.

அதே படத்தில் கடோத்கசன் மணப்பெண் வத்சலையாக உருமாறுகிறான். திரையில் சாவித்திரி, நடையும் மிடுக்கும் அரக்கனுடையவை. நகைச்சுவையில் பெரும்பகுதி உடலசைவிலேயே இருக்கிறது. மணமேடையில் மாப்பிள்ளையின் காலை அவள் மிதித்து நசுக்கும்போது, கேட்பவருக்கு எட்டுவது ஓர் அலறல் மட்டுமே. ஏன் அலறினான் என்பதை அருகிலிருப்பவர் சொல்லியாக வேண்டும். மார்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவு நிகழ்த்திய மாயங்கள் அனைத்தும் இப்படி மௌனத்துக்குள் மறைந்து கிடக்கின்றன.

தொலைக்காட்சி வீடுகளுக்குள் வந்ததும் ஒலிச்சித்திரம் மெல்லப் பின்வாங்கியது. பார்வையுள்ளவர்களுக்குப் படம் கிடைத்துவிட்டது. ஒலியோடு நின்றவர் பார்வையற்றவர் மட்டுமே. ஒரே கூடத்தில் அமர்ந்திருந்தும், எல்லாரும் சிரித்து முடித்த பிறகு “என்ன நடந்தது?” என்று கேட்க வேண்டிய நிலை அவருடையது. அக்காவோ தம்பியோ காதருகே சொல்லுவார்கள். சொல்லும் அவசரத்தில் அடுத்த வசனம் தவறிப்போகும். பழைய கொட்டகைச் சொல்லியின் வேலையைக் குடும்பத்தார் ஊதியமின்றி, பயிற்சியுமின்றிச் செய்துவந்தனர்.

அந்த வேலையை ஒரு கலையாக வளர்க்கும் முயற்சி அமெரிக்காவில் 1970-களில் உருக்கொண்டது. சான்பிரான்சிஸ்கோவில் கிரிகரி ஃபிரேசியர் இதைப் பல்கலைக்கழக ஆய்வாக எடுத்துக்கொண்டார். பார்வையிழந்தவரான மார்கரெட் ஃபான்ஸ்டீல் பின்னாளில் தம் கணவரான கோடியுடன் சேர்ந்து, 1981-இல் வாஷிங்டனின் அரீனா ஸ்டேஜ் நாடக அரங்கில் விவரணையைத் தொடங்கினார். 1990-இல் பாஸ்டன் நகரத்துப் பொதுத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பிலும் அதை நிலைப்படுத்தியது. இதுவே ஒலி விவரணை. வசனத்துக்கும் வசனத்துக்கும் இடையே உள்ள இடைவெளியில், திரையில் தெரிவதை ஒரு குரல் சுருக்கமாகச் சொல்லும். கண்டதைச் சொல்ல வேண்டும், கருத்துரைக்கக் கூடாது. நடிகரின் பேச்சை மிதிக்கக் கூடாது. எழுதியதைப் பார்வையற்ற ஒருவர் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

தமிழில் இதைச் செய்வதற்கு மொழியே சில கேள்விகளை எழுப்புகிறது. நம் வாக்கியத்தில் வினை இறுதியில் வரும். இரண்டு நொடி இடைவெளியில் நீண்ட வாக்கியத்தைத் தொடங்கினால், செயல் என்னவென்று தெரியுமுன் வசனம் வந்துவிடும். ஆகவே ‘தட்டு காலியாகிறது’, ‘காலை மிதிக்கிறாள்’ என்பன போன்ற குறுந்தொடர்களே பயன்படும். இன்னொன்று வினைமுற்றின் விகுதி. உருமாறிய கடோத்கசனை ‘வருகிறான்’ என்பதா, ‘வருகிறாள்’ என்பதா? முதலாவது, அவையிலுள்ளோர் அறியாத இரகசியத்தை ஒவ்வொரு முறையும் நினைவூட்டும். இரண்டாவது, கேட்பவரை மயக்கிவிடக்கூடும். இப்படத்தில் பார்ப்பவருக்கு உண்மை தெரியும் என்பதால், ‘வத்சலை உருவில் கடோத்கசன்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டுப் பின் பெண்பாலில் தொடரலாம் என்பது நம் எண்ணம். ‘நடக்கிறான்’, ‘நடக்கிறார்’ என்னும் தேர்விலும் விவரிப்பவரின் மதிப்பீடு புகுந்துவிடும். இவை எழுத்தாளர்கள் தீர்க்க வேண்டிய சிக்கல்கள்.

இந்தியாவில் சட்டம் வழி திறந்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, மின்னணு ஊடகங்களில் ஒலி விவரணைக்கு வழிசெய்ய வேண்டும் என்கிறது. 2023 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றம் ‘பதான்’ என்னும் இந்திப் படத்தின் இணையத்தள வெளியீட்டுக்கு ஒலி விவரணையும் வசனவரிகளும் சேர்க்குமாறு தயாரிப்பாளரைப் பணித்தது. 2024 மார்ச்சில் ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் திரையரங்குப் படங்களுக்கான அணுகல் நெறிமுறைகளை வெளியிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் தணிக்கைச் சான்று பெறும் படங்களுக்கு ஆறு மாதமும், ஏனையவற்றுக்கு இரண்டு ஆண்டும் அது காலவரம்பாக வகுத்தது.

எனினும் இந்நெறிமுறைகள் முன்னோக்கியே பார்க்கின்றன. புதிதாகத் திரைக்கு வரும் படங்களே அவற்றின் இலக்கு. ‘மாயாபஜார்’, ‘பாதாள பைரவி’ (1951), ‘பட்டணத்தில் பூதம்’ (1967) போன்ற, தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து பார்க்கும் படங்களுக்கு விவரணை சேர்க்க யாருக்கும் கட்டாயம் இல்லை. அப்படங்களின் மாயம் பார்வையுள்ளவர்களின் நினைவில் மட்டும் தங்கிவிடுவது நியாயமன்று.

இதற்குப் பெரும் செலவு வேண்டியதில்லை. ஒலித்தடத்தைக் கத்தரித்துக் கோக்கத் தெரிந்த கை வானொலியில் இருந்திருக்கிறது. குறைச் சொல்லில் நிறையச் சொல்லும் எழுத்து சிறுபத்திரிகை மரபில் இருக்கிறது. உரிமையாளரின் இசைவும் வானொலியின் ஒரு மணி நேரமும் கிடைத்தால், ஒலிச்சித்திரத்தை இம்முறை விவரணையோடு மீண்டும் தொடங்கலாம். கொடைக்கானல் பண்பலை போன்ற நிலையங்களுக்கு இது பொருத்தமான பணி. முதல் படமாக ‘மாயாபஜாரை’ எடுத்துக்கொள்ளலாம். தட்டிலிருந்து பண்டம் எழும்பும் அந்த நொடியில், கண் தெரியாத குழந்தையும் மற்றக் குழந்தைகளோடு சேர்ந்தே சிரிக்க வேண்டும்.