திருவேட்டக்குடிக் கரையும் ஆழிப்பேரலைக் கணக்கும்

திருவேட்டக்குடி, காரைக்கால் மாவட்டத்துக் கடலோரச் சிற்றூர். சம்பந்தர் பாடிய தலம். 2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்குச் சுமத்திரா அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. சுமார் இரண்டரை மணி நேரத்தில் காரைக்கால் கரையை ஆழிப்பேரலை தாக்கியது. இடையில் வங்கக் கடலைக் கடந்த ஜேசன்-1 செயற்கைக்கோள் அளந்த அலை உயரமோ சுமார் 60 செ.மீ. தான். ஆழ்கடலில் படகில் இருப்பவர் அதை உணரவே முடியாது.

இத்தகைய நீண்ட அலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. 4000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு சுமார் 700 கி.மீ.; 10 மீட்டர் ஆழத்தில் 36 கி.மீ. மட்டுமே. முன்பகுதி வேகம் குறைய, பின்பகுதி நெருங்கிவர, அலை குறுகி உயர்கிறது. இதை 1837இலேயே கணக்கிட்டவர் ஜார்ஜ் கிரீன். நாட்டிங்காமில் மாவாலை நடத்திக்கொண்டே கணிதம் கற்றவர் அவர். அவரது விதிப்படி, ஆழம் 400 மடங்கு குறைந்தால் உயரம் ஏறக்குறைய நாலரை மடங்காகும்; 60 செ.மீ. அலை 2.7 மீட்டராகிவிடும்.

இது தோராயம்தான். முகத்துவாரமும் மணல்மேடும் அலையைத் திருப்பும். அவற்றையும் சேர்க்க, கடலடியைக் கட்டங்களாகப் பிரித்துக் கணினியில் கணக்கிட வேண்டும். ஜப்பானின் தோகோக்கு பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய துனாமி-என்2 நிரல் அதைச் செய்கிறது. 2004க்கு முன்பே அது இருந்தது. கணக்கைப் போட்டுக் கரைக்குச் சொல்லும் நிலையம்தான் இந்தியாவில் இல்லை. ஐதராபாத்தில் 2007 அக்டோபரில் அது அமைந்தது. நிலம் அதிர்ந்தபின் கணக்கிட நேரம் போதாது என்பதால், பலவகை நிலநடுக்கங்களுக்கான விடைகளை அங்கே முன்கூட்டியே கணித்துச் சேமித்திருக்கிறார்கள்.