கோலும் நூலும் ஆசிரியர் கையில்: இங்கிலாந்தின் செயல்வழிக் கணிதப் பயிற்சி வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், இங்கிலாந்தின் தொடக்கப்பள்ளிகளில் கணக்குப் பாடம் பணத்தோடு நேரடியாகப் பிணைக்கப்பட்டிருந்தது. 1862ஆம் ஆண்டின் திருத்திய விதித்தொகுப்பு, அரசு மானியத்தின் பெரும்பகுதியை, வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் ஆய்வாளர் நேரில் வந்து நடத்தும் தேர்வைப் பொறுத்ததாக்கியது. ஒரு குழந்தை கணக்கில் தவறினால் அதன் பொருட்டுப் பள்ளிக்குக் கிடைக்கவேண்டிய தொகையில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறைந்தது. இம்முறை அந்நூற்றாண்டு முடிவதற்குள் கைவிடப்பட்டதாயினும், விதியை மனப்பாடம் செய்வித்து, ஒரே வகைக் கணக்குகளை அடுக்கடுக்காகப் போடவைத்து, விடையின் சரி தவறை மட்டும் பார்க்கும் வழக்கம் வகுப்பறைகளில் வேரூன்றி நின்றது. 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்துக்குப் பிறகு, எந்த வகை உயர்நிலைப் பள்ளியில் சேரலாம் என்பதைப் பதினோரு வயதிலேயே தீர்மானித்த தேர்வு அவ்வழக்கத்துக்குப் புதிய வலுவைத் தந்தது. இப்படிப் படித்துத் தேறியவர்களே பின்னர் ஆசிரியர்களாக வந்தமையால், கணிதத்தை வேறு விதமாகக் கண்டறியாத ஒருவரிடம் அதை வேறு விதமாகக் கற்பிக்கச் சொல்வது எப்படி என்பதே அடுத்த தலைமுறைச் சீர்திருத்தக்காரர்கள் எதிர்கொண்ட உண்மையான சிக்கலாயிற்று.

அதற்கான விடையின் ஒரு பகுதி கருவிகளிலிருந்து வந்தது. எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் பிறந்து இலண்டனில் ஆசிரியர் பயிற்சியில் ஈடுபட்டிருந்த காலெப் கட்டெக்னோ, 1952இல் ரோலண்ட் காலின்ஸ் முதலியோருடன் சேர்ந்து கணிதக் கற்பித்தல் கருவிகளுக்கான சங்கத்தைத் தோற்றுவித்தார். பத்தாண்டுகள் கழித்து அது கணித ஆசிரியர் சங்கம் என்று பெயர் மாறியது. பெல்ஜியத்தின் துவேன் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் குயிசெனேர் வடிவமைத்திருந்த வண்ணக் கோல்களைக் கட்டெக்னோ 1953இல் கண்டு, இங்கிலாந்தில் பரப்பினார். ஒரு சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வரை பத்து நீளங்களில், நீளத்துக்கு ஒரு நிறமாக அமைந்த அம்மரக் கோல்களில் எண்கள் எழுதப்படவில்லை. சிவப்புக் கோல் இரண்டைச் சேர்த்தால் ஊதாக் கோல் ஒன்றின் நீளம் வருகிறது என்று கண்ணால் கண்ட பிறகே குழந்தை எண்ணுக்கு வந்தது.

ஹங்கேரியில் பிறந்த சோல்டான் தீனிஷ் லெஸ்டர்ஷயர் பள்ளிகளில் சோதித்துப் பார்த்த கட்டைகள் ஆசிரியர் பயிற்சிக்கு இன்னும் ஆழமாக உதவின. நாம் பத்துப் பத்தாகச் சேர்த்து எண்ணுகிறோம். எத்தனை சேர்ந்தால் அடுத்த இடத்துக்கு ஓர் அலகாக மாறும் என்பதே ஓர் எண்முறையின் அடிமானம் எனப்படும். தீனிஷின் கட்டைகள் மூன்று, நான்கு, ஐந்து போன்ற அடிமானங்களிலும் செய்யப்பட்டிருந்தன. நான்கு சிறு கட்டைகளைக் கொடுத்து ஒரு நீள் கட்டையையும், நான்கு நீள் கட்டைகளைக் கொடுத்து ஒரு தட்டையும் மாற்றிக்கொள்ளும்போது, பத்தடிமானக் கூட்டலைக் கை தானாகப் போட்டுவிடும் பழக்கமுள்ள ஆசிரியரும் தடுமாறி, இடமதிப்பு என்னும் கருத்தை ஆறு வயதுக் குழந்தையைப் போலப் புதிதாகச் சந்திக்க நேரிடுகிறது. பெரியவர்கள் மறந்துபோன கற்றல் சிரமத்தை அவர்களுக்கு மீட்டுத் தருவதில் இக்கட்டைகளுக்கு இணையான கருவி அரிது.

ஆயினும், கருவிகளைப் பள்ளிக்கு அனுப்புவது மட்டும் போதாது என்பதை மிகத் தெளிவாக உணர்ந்து செயல்பட்டவர் எடித் பிக்ஸ். அரசின் பள்ளி ஆய்வாளரான அவர், 1960களில் நாட்டின் பல பகுதிகளில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிலரங்குகள் நடத்தினார். அவற்றில் விரிவுரையைவிட வேலை மிகுதி. ஆசிரியர்கள் அளந்தனர், நிறுத்தனர், வரைபடம் வரைந்தனர், கண்டதைத் தமக்குள் விவாதித்தனர். இவ்வகைச் செயல்பாடுகளுள் ஒன்றை எடுத்துக்கொண்டால் அதன் பயன் விளங்கும். 24 அங்குல நூலின் முனைகளை முடிந்து, அதைக் கட்டம் போட்ட தாளின்மேல் வெவ்வேறு செவ்வகங்களாக விரித்தால், சுற்றளவு மாறாமலிருக்க, பரப்பு மட்டும் 11, 20, 27, 32, 35, 36 சதுர அங்குலம் என வளர்கிறது. அவ்வளர்ச்சியும் 9, 7, 5, 3, 1 என்று ஒற்றைப்படை எண்களாக இறங்கி, சதுரத்தில் வந்து நிற்கிறது. சுற்றளவு கூடினால்தான் பரப்பு கூடும் என்று நெடுங்காலம் எண்ணியிருந்த ஆசிரியருக்கு, அந்த எண்ணம் தம் கையாலேயே கலைவதுதான் பயிற்சி. நூறாண்டுகளுக்கு முன் கணக்குத் தேர்வு நடத்தி மானியத்தைக் குறைக்க வந்த அதே பதவியிலிருந்து ஒருவர், நூலும் தராசுமாக ஆசிரியர்களோடு அமர்ந்தது இங்கிலாந்துக் கல்வி வரலாற்றின் மிகப் பெரிய மாற்றங்களுள் ஒன்றாகும். இந்த அனுபவத்திலிருந்து அவர் எழுதிய தொடக்கப்பள்ளிக் கணிதம் பற்றிய கையேட்டை, பாடத்திட்டத்தையும் தேர்வுகளையும் கவனித்த பள்ளிகள் மன்றம் 1965இல் தன் முதல் பாடத்திட்ட வெளியீடாகக் கொண்டுவந்தது.

1964இல் நஃபீல்டு அறக்கட்டளை, ஜெஃப்ரி மேத்யூஸின் பொறுப்பில், ஐந்து முதல் பதின்மூன்று வயது வரையான குழந்தைகளுக்கான கணிதத் திட்டத்தைத் தொடங்கியது. மாணவர் பாடநூலுக்கு மாறாக ஆசிரியருக்கான கையேடுகளை வெளியிட்ட அத்திட்டத்தின் முதல் நூல், செய்வதன் வழியே புரிந்துகொள்வதைத் தலைப்பிலேயே அறிவித்தது. அதைவிடவும் தொலைநோக்கானது அத்திட்டம் விதித்த ஒரு நிபந்தனை: முன்னோடிப் பகுதியாகச் சேர விரும்பிய உள்ளாட்சிக் கல்வித் துறை, ஆசிரியர்கள் கூடிப் பழகுவதற்கென்று ஓரிடத்தை ஒதுக்கித் தரவேண்டும். ஆசிரியர் மையங்கள் எனப்பட்ட இவ்விடங்களில், பள்ளி விட்ட பின் அக்கம்பக்கத்து ஆசிரியர்கள் கூடித் தாமே செயல்பாடுகளைச் செய்து பார்த்து, வகுப்பில் நடத்திய பின் மீண்டும் வந்து பேசினர். 1970களின் தொடக்கத்தில் இத்தகைய மையங்கள், எல்லாப் பாடங்களுக்குமாக, ஐந்நூறுக்கு மேல் இருந்தன. வண்ணக் கோல்களைவிட, ஓர் ஆசிரியர் வெட்கமின்றித் தவறு செய்து பார்க்க வாய்த்த இந்த இடமே அக்காலத்தின் சிறந்த கண்டுபிடிப்பு என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் வகுப்பறைகள் எதிர்பார்த்த அளவுக்கு மாறவில்லை. தொடக்கக் கல்வி குறித்து அரசு ஆய்வாளர்கள் 1978இல் வெளியிட்ட அறிக்கை, ஆசிரியர்களுள் முக்கால் பங்கினர் பெரும்பாலும் சொல்லிக்கொடுக்கும் முறையையே கையாண்டதாகவும், கண்டறிதலை முதன்மையாக நம்பியவர்கள் இருபதில் ஒருவருக்கும் குறைவு எனவும் கூறியது. ஓரிரு நாள் பயிலரங்கில் பிறந்த உற்சாகம், நாற்பது குழந்தைகள் வரை நிறைந்த அறையில், துணைக்கு ஒருவருமின்றி, நிலைப்பது எளிதன்று. கையேட்டின் நோக்கம் விளங்காத இடங்களில் செயல்பாடும் மற்றொரு சடங்காயிற்று. குழந்தை அளந்தது, வண்ணம் தீட்டியது, ஆனால் அளந்ததில் என்ன கணிதம் இருந்தது என்று கேட்க யாருமில்லை.

பள்ளிகளில் கணிதம் கற்பிக்கப்படுவதை ஆராய்ந்த காக்கிராஃப்ட் குழுவின், 1982இல் வெளிவந்த அறிக்கை இதற்குச் சமநிலையான பதிலைத் தந்தது. விளக்கம், கலந்துரையாடல், செய்முறை வேலை, பயிற்சி, சிக்கல் தீர்த்தல், ஆராய்தல் ஆகிய ஆறும் எல்லா நிலை வகுப்புகளிலும் இடம்பெறவேண்டும் என்று அது பரிந்துரைத்ததோடு, பணியிலுள்ள ஆசிரியருக்குத் தொடர்ந்த ஆதரவு தேவை என்றும் வலியுறுத்தியது. அதன் விளைவாக 1980களின் நடுப்பகுதியில் அரசு நிதியோடு ஆலோசனை ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டு, பள்ளிக்குப் பள்ளி சென்று பிற ஆசிரியர்களோடு வகுப்பிலேயே இணைந்து பணியாற்றினர். 1988ஆம் ஆண்டின் சட்டம் தேசியப் பாடத்திட்டத்தையும் பொதுச் சோதனைகளையும் கொண்டுவந்த பிறகு, பயிற்சியின் பொருள் மெல்ல மாறிப் புதிய ஆணைகளை விளக்கும் கூட்டமாகச் சுருங்கியது. ஆசிரியர் மையங்கள் பலவும் மூடப்பட்டன. ஆயினும், 2014இல் தொடங்கப்பட்ட கணித மையக் கட்டமைப்பில், அண்டைப் பள்ளிகளின் ஆசிரியர்கள் மீண்டும் குழுக்களாகக் கூடி, ஒரு பாடத்தைச் சேர்ந்து திட்டமிட்டு, ஒருவர் வகுப்பை மற்றவர் பார்த்து விவாதிக்கின்றனர். சிங்கப்பூர், ஷாங்காய் வகுப்பறைகளிலிருந்து கற்றவையாக அங்கே கைமாறும் முறைகளில், பொருளைக் கையாண்டு, படமாக வரைந்து, பின்னரே குறியீட்டுக்கு வரும் வரிசையும் ஒன்று.