படிவத்தில் இடமில்லாத குழாய்



அமெரிக்காவில் சமூகப்பணிக் கல்வி 1898இல் நியூயார்க்கில் ஒரு கோடைக்காலப் பயிற்சி வகுப்பாகத் தொடங்கியது. அதை நடத்தியது ஓர் அறக்கொடைச் சங்கம். உதவுகிறவர் வகுப்பறைக்குள் இருப்பார், உதவி பெறுகிறவர் வெளியே இருப்பார் என்பது அன்றைய எழுதப்படாத விதி. ஒடுக்கப்பட்டவரே மாணவராக உள்ளே வந்தபோது என்ன நடந்தது?

அமெரிக்கத் தென்மாநிலங்களின் வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் கறுப்பின மாணவர்களைச் சேர்க்கவில்லை. ஆகவே 1920இல் அவர்களுக்கென்று அட்லாண்டா சமூகப்பணிப் பள்ளி உருவானது. 1922இல் அதன் பொறுப்பேற்ற ஈ. ஃபிராங்க்ளின் ஃபிரேசியர், நியூயார்க்கில் சமூகப்பணி பயின்றவர். டென்மார்க் சென்று அங்குள்ள மக்கள் உயர்பள்ளிகளையும் கூட்டுறவுகளையும் ஆராய்ந்தவர். இனவெறியை ஒரு மனநோயாக விளக்கி 1927இல் கட்டுரை எழுதினார். நோயாளி யார் என்ற கேள்வியை அவர் வெள்ளையர் பக்கம் திருப்பினார். மிரட்டல்கள் வந்தன, அவர் அட்லாண்டாவை விட்டே வெளியேற நேர்ந்தது.

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் 1941இல் கறுப்பினத்தவருக்கான ஜான் ஹாஃப்மெயர் பள்ளி தொடங்கியது. அங்கே பயின்று 1955இல் தேறிய வின்னி மடிகிசேலா, பின்னாளைய வின்னி மண்டேலா, அமெரிக்காவில் மேற்படிப்புக்குக் கிடைத்த உதவித்தொகையை விட்டுவிட்டு பரக்வநாத் மருத்துவமனைப் பணியில் சேர்ந்தார். அலெக்சாண்ட்ரா குடியிருப்பில் சிசு மரணங்களை ஆராய்ந்தபோது தம் மக்களின் வறுமையின் ஆழத்தைக் கண்டார். அது அவரை அரசியலுக்குக் கொண்டுசென்றது.

இந்தியாவில் 1936இல் பம்பாயில் சர் தொராப்ஜி டாடா சமூகப்பணிப் பள்ளி தொடங்கியது. முதல் இயக்குநர் கிளிஃபர்ட் மேன்ஷார்ட் ஓர் அமெரிக்கர். அதே ஆண்டில்தான், லாகூரில் பேச முடியாமற்போன 'சாதி ஒழிப்பு' உரையை அண்ணல் அம்பேத்கர் தம் செலவில் அச்சிட்டார். ஆனால் நம் சமூகப்பணிப் பாடங்களில் அமெரிக்க முறைகள் பெற்ற இடத்தைச் சாதி நெடுங்காலம் பெறவில்லை.

அதன் விளைவை நானும் அனுபவித்தேன். களப்பணிக்கு என்னை அனுப்பிய சேரி, நான் பிறந்த சேரியைப் போலவே இருந்தது. குடிப்பழக்கம், சுகாதாரக் குறைவு, விழிப்புணர்வின்மை என்று பிரித்துக் குறிக்கச் சொன்னார்கள். தண்ணீர்க் குழாய் ஊர்த்தெருவோடு நின்றுபோயிருந்தது. அதை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.

1932 நவம்பரில் தக்கர் பாபாவுக்கு எழுதிய கடிதத்தில் அம்பேத்கர் இதைத்தான் விவாதித்தார். ஒருவரின் துன்பத்துக்கு அவரது ஒழுக்கக் குறைவே காரணம் என்பது ஒரு பார்வை. சூழலே காரணம் என்பது இன்னொன்று. இரண்டாவதையே அவர் ஏற்றார். கிணறு, பள்ளி, சாவடி, பொது வண்டி ஆகியவற்றில் உரிமை பெறும் போராட்டத்தை முதலில் வைத்தார். அந்த வேலைக்கு ஒடுக்கப்பட்டோரிலிருந்தே பணியாளர்களை எடுக்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார்.

தோழர்களே, ஃபிரேசியரும் வின்னியும் படித்த படிப்பைத்தான் நீங்களும் படிக்கிறீர்கள். நாளை களப்பணி அறிக்கை எழுதும்போது, குழாய் எந்தத் தெருவோடு நிற்கிறது என்பதை முதல் வரியில் எழுதுங்கள். படிவத்தில் இடமில்லையென்றால் ஓரத்தில் எழுதுங்கள்.

ஜெய் பீம்.