விலக்கின் சுமை யாருக்கு?

மனிதர்க்கு வாழ்க்கை வரலாறு உண்டு, சட்டங்களுக்கும் உண்டு. பிறந்த நாளில் ஊரே கூடி வாழ்த்திய குழந்தை, வளர்ந்தபின் அவ்வூரை இரண்டாகப் பிரித்துவிடுவதும் உலகில் நிகழ்வதே. அத்தகைய சட்டம் ஒன்றின் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1993-ஆம் ஆண்டு சமய உரிமை மீட்புச் சட்டம் என ஒன்று நிறைவேறியது. செனட் சபையில் அதற்கு ஆதரவாக 97 வாக்குகள். எதிராக 3 வாக்குகளே. இருபத்திரண்டு ஆண்டுகள் சென்றன. 2015-ஆம் ஆண்டு இந்தியானா என்னும் மாநிலம், பெரும்பாலும் அதே சொற்களைக் கொண்டு தனக்கென ஒரு சட்டம் இயற்றியது. அதற்கு எழுந்த எதிர்ப்பு, ஒரே வாரத்தில் அச்சட்டத்தைத் திருத்தச் செய்தது. சொற்கள் ஏறத்தாழ அவையே. வரவேற்பு மட்டும் ஏன் மாறியது? மாணவ மணிகளே, இவ்வினாவை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் 1791-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அரசாங்கம் எந்தச் சமயத்தையும் அரசுச் சமயமாக நிறுவுதல் ஆகாது. எவரும் தம் சமயத்தைக் கடைப்பிடிப்பதைத் தடுத்தலும் ஆகாது. இவ்விரண்டும் அத்திருத்தத்தின் தொடக்கத்திலேயே இடம் பெற்றுள்ளன. கேட்பதற்கு இவை எளியவை. ஆனால் சமயம் உள்ளத்தோடு நின்றுவிடுவதில்லை, செயலாகவும் வெளிப்படுகிறது. அச்செயல் நாட்டின் பொதுச் சட்டத்தோடு மோதினால் என் செய்வது? மார்மன் சமயத்தார் அந்நாளில் பல மனைவியரை மணப்பதைச் சமயக் கடமையாகக் கருதினர். 1879-ஆம் ஆண்டு அதுபற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், நம்பிக்கையைச் சட்டம் தொடாது, செயலைத் தொடலாம் என்று தீர்ப்பளித்தது. சமயத்தைக் காட்டிச் சட்டத்தை மீறலாம் என்றால், ஒவ்வொருவரும் தமக்குத் தாமே சட்டமாகிவிடுவர் என்பது நீதிபதிகளின் அச்சம்.

எண்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றபின் காற்று வேறு பக்கம் வீசியது. தென் கரோலினா மாநிலத்தில் துணி ஆலைத் தொழிலாளியாகிய ஒரு பெண்மணி, சனிக்கிழமையைப் புனித ஓய்வு நாளாகக் கொண்ட சபையைச் சேர்ந்தவர். அந்நாளில் வேலை செய்ய மறுத்தமையால் வேலை இழந்தார். வேலையற்றோர்க்கு அரசாங்கம் தரும் உதவித்தொகையும் அவருக்கு மறுக்கப்பட்டது. 1963-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஒருவருடைய சமய ஒழுக்கத்தின்மீது அரசாங்கம் சுமை ஏற்றுவதாயின், அதற்குத் தவிர்க்கவொண்ணாத பொதுநலக் காரணம் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இவ்வளவுகோலை அதே நீதிமன்றம் 1990-ஆம் ஆண்டு பெரும்பாலும் கைவிட்டது. ஆரிகன் மாநிலத்தில் இருவர், அமெரிக்கப் பழங்குடியினரின் திருச்சபை வழிபாட்டில், பெயோட்டி என்னும் போதையூட்டும் கள்ளிச் செடியைப் புனிதப் பொருளாக உண்டனர். அதனால் வேலை இழந்தனர், உதவித்தொகையும் பெறவில்லை. எல்லார்க்கும் பொதுவாக, எச்சமயத்தையும் குறிவையாது இயற்றப்பட்ட சட்டத்திலிருந்து சமயத்தின் பெயரால் விலக்குக் கேட்கும் உரிமை அரசியலமைப்பில் இல்லை என்று நீதிபதி ஸ்காலியா எழுதினார்.

இத்தீர்ப்பு நாட்டைத் திடுக்கிடச் செய்தது. இன்று பழங்குடியினர், நாளை யூதரோ, கத்தோலிக்கரோ, எவரோ என்று எல்லாச் சமயத்தாரும் அஞ்சினர். பழமை போற்றும் கிறிஸ்தவ அமைப்புகளும், குடியுரிமைக்காகப் போராடும் முற்போக்குச் சங்கங்களும் ஒரே மேடையில் நின்றன. செனட் சபையில் மாசசூசெட்சின் கென்னடியும் யூட்டாவின் ஹாட்சும் சேர்ந்து மசோதாவை முன்நடத்தினர். ஒருவர் ஜனநாயகக் கட்சியினர், மற்றவர் குடியரசுக் கட்சியினர். 1993-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் ஜனாதிபதி கிளிண்டன் கையெழுத்திட, 1963-ஆம் ஆண்டின் அளவுகோல் சட்டமாகத் திரும்பி வந்தது.

இங்கே சற்று நிற்போம். அதுகாறும் மக்கள் மனத்தில் இருந்த விலக்குகள் எத்தகையவை? சனிக்கிழமையில் வேலைக்குப் போகாமலிருத்தல். வழிபாட்டில் ஒரு செடியை உண்ணுதல். இவற்றுக்கு விலக்கு அளித்தால் சுமை யாருக்கு? பெரும்பாலும் அரசாங்கத்துக்கு. அது சிறிது பணத்தை இழக்கலாம், சிறிது தொல்லைப்படலாம். பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றையும் இழப்பதில்லை.

1997-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் மற்றொரு வழக்கில், இச்சட்டம் மத்திய அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துமேயன்றி மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என்று அறிவித்தது. ஆதலின் மாநிலங்கள் பல தத்தமக்கெனத் தனிச் சட்டங்கள் இயற்றத் தொடங்கின. அக்காலத்தில்தான் இரண்டாவது ஆறு ஒன்று வந்து இதனோடு கலந்தது.

ஆண் ஆணையும், பெண் பெண்ணையும் நாடும் இயல்புடையோரைத் தன்பாலீர்ப்பினர் என்கிறோம். அவர்கள் அமெரிக்காவில் நெடுங்காலம் வேலையும் வீடும் மறுக்கப்பட்டு வாழ்ந்தனர். அவ்வாறு வேற்றுமை காட்டுதல் குற்றம் என 1982-ஆம் ஆண்டு முதன்முதல் சட்டம் செய்த மாநிலம் விஸ்கான்சின். கையெழுத்திட்ட ஆளுநர் டிரைபஸ் குடியரசுக் கட்சியினர். சமயத் தலைவர்கள் பலரும் அச்சட்டத்துக்கு ஆதரவு தந்தனர். ஆகவே இதனைச் சமயத்துக்கும் தன்பாலீர்ப்பினர்க்கும் இடையிலான போர் என்று சுருக்கிச் சொல்லுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது.

இத்தகைய சட்டங்கள் பெருகியபோது புதுவகை வழக்குகள் எழுந்தன. கலிபோர்னியாவில் வீட்டுக்காரப் பெண்மணி ஒருவர், மணம் செய்துகொள்ளாத ஆணுக்கும் பெண்ணுக்கும் வீடு வாடகைக்கு விடுவது தம் சமயத்துக்கு மாறான பாவம் என்றார். 1996-ஆம் ஆண்டு அம்மாநில உச்ச நீதிமன்றம் அவருக்கு விலக்குத் தரவில்லை. மணமாகாத இணையருக்கு இன்று நேர்வது, தன்பாலீர்ப்பினர்க்கு நாளை நேருமன்றோ? 1999-ஆம் ஆண்டு, மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் புதிய சமய உரிமை மசோதா ஒன்று பிரதிநிதிகள் சபையில் 306 வாக்குகளுக்கு 118 என வென்றது. ஆனால் 1993-இல் தோள் கொடுத்த குடியுரிமைச் சங்கங்களுள் சில, இம்முறை விலகி நின்றன. மசோதா செனட் சபையில் நிறைவேறவில்லை. பழைய கூட்டணி உடைந்தது இங்கேதான்.

நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, நோன்பு நாளில் உடற்பயிற்சி வகுப்பிலிருந்து விலக்குக் கேட்டு மாணவர்கள் வருவதுண்டு. தயங்காமல் அளிப்பேன். பள்ளிக்கு அதனால் நேரும் தொல்லை, பதிவேட்டில் ஒரு குறிப்பு எழுதுவதே. அதே மாணவன், "இன்ன பையனோடு ஒரே பெஞ்சியில் உட்காரமாட்டேன், எங்கள் சமய வழக்கம் இடம் தராது" என்று கேட்டிருந்தால்? அவன் நம்பிக்கை பொய்யாக இராது. ஆயினும் அந்த விலக்குக்கு விலை கொடுப்பது பள்ளியன்று. எழுந்து வேறிடம் போக வேண்டிய மற்றொரு பிள்ளை. இவ்விரு விலக்குகளும் ஒரே பெயர் உடையவை; ஒரே தன்மை உடையவை அல்ல.

அமெரிக்கர்க்கு இதில் முன்னனுபவமும் உண்டு. தென் கரோலினாவில் உணவுக்கடை முதலாளி ஒருவர், கறுப்பின மக்களைத் தம் கடையில் உட்கார்ந்து உண்ண விடவில்லை. இனங்கள் கலப்பது தம் சமயத்துக்கு மாறு என்றும் வாதிட்டார். 1968-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. தன்பாலீர்ப்பினர் இவ்வழக்கையே சான்றாக எடுத்துக் காட்டினர். மறு பக்கத்தாரோ, "திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியது என்பது பல சமயங்களின் தொன்மையான போதனை, அதனை இனவெறியோடு ஒப்பிடுவது அநீதி" என்று மறுமொழி கூறினர். இவ்வாதத்தையும் செவிகொடுத்துக் கேட்பதே நேர்மை.

இப்பின்னணியில்தான் இந்தியானா வருகிறது. 2015-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் நாள் ஆளுநர் மைக் பென்ஸ் அச்சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்நாட்டில் ஆளுநர் என்பவர், மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் மாநில ஆட்சித் தலைவர். அச்சட்டம் 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெரும்பாலும் ஒத்திருந்தது. எனினும் அதில் வெளிப்படையாக இல்லாத இரண்டு செய்திகள் இதில் இருந்தன. இலாபம் கருதும் வணிக நிறுவனமும் சமய உரிமை கோரலாம் என்பது ஒன்று. அரசாங்கம் கட்சியாக இல்லாத வழக்கிலும், அதாவது ஒரு குடிமகன் மற்றொரு குடிமகன்மீது தொடுக்கும் வழக்கிலும், அதனைக் கேடயமாகக் கொள்ளலாம் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அரசாங்கத்தை நோக்கிப் பிடித்த கேடயம், வாடிக்கையாளரை நோக்கித் திரும்பக் கூடியதாயிற்று.

சில நாட்களில் கல்லூரிக் கூடைப்பந்து இறுதி ஆட்டங்கள் மாநிலத் தலைநகராகிய இந்தியானாபோலிஸில் நடைபெற இருந்தன. பெரிய வணிக நிறுவனங்களும் விளையாட்டுச் சங்கமும் தம் கவலையை வெளியிட்டன. நகரின் முதன்மையான நாளிதழ், உடனே திருத்துக என்று முதற் பக்கம் முழுவதும் முழங்கியது. ஏப்ரல் 2-ஆம் நாள் திருத்தம் வந்தது. பொதுமக்களுக்குப் பண்டமோ வீடோ வேலையோ அளிப்பவர், ஒருவருடைய பாலீர்ப்பைக் காரணம் காட்டி மறுப்பதற்கு இச்சட்டம் இடம் தராது என்றது அத்திருத்தம். திருச்சபைகளும் குருமார்களும் அக்கட்டுப்பாட்டுக்குப் புறம்பாக நிறுத்தப்பட்டனர். ஆனால் ஒரு குறை எஞ்சியது. தன்பாலீர்ப்பினர்க்கு வேற்றுமை காட்டுவதைத் தடுக்கும் மாநிலப் பொதுச் சட்டம் இந்தியானாவில் முன்னரும் இல்லை; திருத்தத்துக்குப் பின்னரும் இல்லை. சில நகரங்களின் விதிகளே அவர்களுக்குத் துணையாயின.

அதே மார்ச் மாதத்தில், யூட்டா மாநிலம் வேறு வழி கண்டது. மார்மன் திருச்சபையின் ஆதரவோடு அங்கே ஒரு சட்டம் இயன்றது. வேலையிலும் வீட்டு வாடகையிலும் தன்பாலீர்ப்பினர்க்கு வேற்றுமை காட்டலாகாது. சமய அமைப்புகளுக்கு விலக்கு உண்டு. கடைகளைப்பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. மிகக் கடினமான பகுதியைப் பின்னாளுக்கு ஒதுக்கிவிட்டது எனலாம். ஆயினும் இரு தரப்பாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதிய சட்டம் அது.

அக்கடினமான பகுதி நீதிமன்றத்துக்குச் சென்றது. 2015-ஆம் ஆண்டு ஜூன் மாதம், தன்பால் இணையர் மணந்துகொள்ளும் உரிமையை நாடு முழுவதற்கும் உச்ச நீதிமன்றம் ஏற்றது. பின்னர், அத்தகைய திருமணத்துக்குக் கேக் செய்ய மறுத்த கொலராடோக் கடைக்காரர் ஒருவரின் வழக்கில், 2018-ஆம் ஆண்டு அவர்க்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஆனால் காரணம் குறுகியது: அவரை விசாரித்த மாநில ஆணையம் அவர் சமயத்தை இகழ்ந்து நடந்தது என்பதே அது. 2023-ஆம் ஆண்டு, அதே மாநிலத்தில், திருமணங்களுக்கு இணையதளம் வடிவமைக்க விரும்பிய ஒருவர் வென்றார். ஆங்கு நிலைக்களம் சமய உரிமையன்று. தாம் ஏற்காத கருத்தைத் தம் படைப்பால் சொல்லுமாறு அரசாங்கம் கட்டாயப்படுத்தலாகாது என்னும் பேச்சுரிமை. சமையற்காரர், பூக்கட்டுபவர், அறை வாடகைக்கு விடுபவர் ஆகியோருள் யாருடைய தொழில் பேச்சு, யாருடையது வெறும் வணிகம் என்னும் கேள்வி இன்னும் முற்றும் தீரவில்லை.

இனி என் கருத்தைச் சொல்லவேண்டும். தம் மனச்சான்றுக்கு மாறாக ஒரு சடங்கை நடத்துமாறு குருவைக் கட்டாயப்படுத்தும் அரசாங்கம் கொடியது. அவ்வாறே, பொதுத் தெருவில் கதவைத் திறந்து வைத்து, வருகின்றவருள் சிலரை மட்டும் அவர் பிறந்த இயல்பு காரணமாகத் திருப்பி அனுப்புவதும் கொடியது. பெரிய நகரில் அடுத்த கடைக்குப் போகலாம். ஒரே கடையுள்ள சிற்றூரில் எங்கே போவது? அடுத்த கடை இருந்தாலும், வாயிலில் பட்ட அவமானம் ஆறிவிடுமா? ஆதலின் விலக்கு வேண்டுவோர் எவ்வளவு உண்மையாக நம்புகின்றனர் என்பதோடு மட்டும் நீதி நின்றுவிடலாகாது. அவ்விலக்கின் சுமை யார் தோள்மேல் இறங்குகிறது என்றும் பார்க்க வேண்டும். அது எல்லார்க்கும் பொதுவான கருவூலத்தின்மேல் இறங்குமானால், தாராளமாகக் கொடுக்கலாம். ஏற்கெனவே நலிந்த ஒருவர்மேல் இறங்குமானால், மிக எண்ணியே கொடுக்கவேண்டும். 1993-இல் 97 வாக்குகள் திரண்டதும், 2015-இல் பெரும் எதிர்ப்பு மூண்டதும் இவ்வேறுபாட்டால் என்றே நான் கருதுகிறேன்.

கல்லூரி மாணவர்கள் இயன்றால் இந்தியானாவின் மார்ச் மாதச் சட்டத்தையும் ஏப்ரல் மாதத் திருத்தத்தையும் அருகருகே வைத்துப் படித்துப் பாருங்கள். இரண்டும் சில பக்கங்களே. மார்ச் மாதப் படியில் கடைக்காரரை மனத்தில் நிறுத்தி ஒருமுறையும், அவர் கடைவாயிலில் நிற்பவரை நிறுத்தி மறுமுறையும் படியுங்கள். பின்பு ஏப்ரல் மாதப் படியையும் அவ்வாறே படித்து, இருவரும் ஏற்கத்தக்க ஒரு வாக்கியத்தை நீங்களே எழுத முயலுங்கள். சட்டசபைகளும் நீதிமன்றங்களும் இத்தனை ஆண்டுகளாக எழுத முயன்று வருவது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.