பார்வைக் குறிப்பு - இயக்கத் தொடர்புக் கற்றல்

பார்வைக் குறிப்பு - இயக்கத் தொடர்புக் கற்றல் என்பது கண்ணால் காணும் ஒரு குறிப்பை, அதனோடு இயல்பான தொடர்பு ஏதுமற்ற ஓர் உடல் அசைவுடன் இணைக்க மூளை பழகிக்கொள்ளும் முறை ஆகும். சிவப்பு விளக்கைக் கண்டதும் ஓட்டுநர் பிரேக்கை மிதிப்பது இதற்கு எளிய எடுத்துக்காட்டு. சிவப்பு நிறத்திற்கும் கால் அசைவுக்கும் இயற்கையில் எத்தொடர்பும் இல்லை. அது பயிற்சியால் உண்டாக்கப்பட்டது. உருண்டு வரும் பந்தை நோக்கிக் கையை நீட்டுவது இதிலிருந்து வேறுபட்டது. அங்கு கை செல்லவேண்டிய இடத்தைப் பந்தே காட்டிவிடுகிறது.

மூளைப் பகுதிகள்

காட்சித் தகவல் விழித்திரையிலிருந்து பிடரி மடலிலுள்ள பார்வைப் புறணியை அடைகிறது. அசைவுக்கான கட்டளை நுதல் மடலின் பின்பகுதியிலுள்ள இயக்கப் புறணியிலிருந்து தண்டுவடத்துக்குச் செல்கிறது. இவ்விரண்டையும் இணைக்கும் கற்றலில் முன்னியக்கப் புறணி, முன்நுதல் புறணி, மூளையின் ஆழத்திலுள்ள அடிநரம்பு முடிச்சுகள், ஹிப்போகாம்பஸ் ஆகியவை பங்குகொள்கின்றன.

1982 ஆம் ஆண்டில் ஹால்ஸ்பாண்ட், பாசிங்காம் ஆகியோர் முன்னியக்கப் புறணி அகற்றப்பட்ட குரங்குகளை ஆய்ந்தனர். ஒரு நிறத்துக்குக் கைப்பிடியை இழுக்கவும், மற்றொரு நிறத்துக்கு அதைத் திருப்பவும் வேண்டும். அக்குரங்குகளால் இரண்டு அசைவுகளையும் செய்ய முடிந்தது. ஆயினும் எந்த நிறத்துக்கு எந்த அசைவு என்பதை அவற்றால் மீண்டும் கற்க இயலவில்லை.

கற்றல் நிகழும் விதம்

இக்கற்றல் பெரும்பாலும் முயன்று தவறிக் கற்பதாகும். சரியான அசைவுக்கு எதிர்பாராத வெகுமதி கிடைக்கும்போது டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் மிகுதியாகச் செயற்படுகின்றன. பழகிய பின் இச்செயற்பாடு வெகுமதியின்போது தோன்றாமல், அதை முன்னறிவிக்கும் குறிப்பைக் கண்டவுடனேயே தோன்றுகிறது. எதிர்பார்த்த வெகுமதி கிடைக்காவிடில் செயற்பாடு குறைகிறது. இதனை வொல்ஃப்ராம் சுல்ட்சும் அவரது குழுவினரும் குரங்குகளில் கண்டறிந்தனர். எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இடையிலான இவ்வேறுபாடே தொடர்பை வலுப்படுத்தவோ தளர்த்தவோ உதவும் சமிக்ஞை எனக் கருதப்படுகிறது.

மூளைப் பகுதிகள் அனைத்தும் ஒரே வேகத்தில் கற்பதில்லை. 2005 ஆம் ஆண்டில் பசுபதி, மில்லர் ஆகியோர், படங்களுக்கேற்பக் கண்ணை இடமோ வலமோ திருப்பக் குரங்குகளைப் பழக்கி, பின்னர் விதியை மாற்றினர். அடிநரம்பு முடிச்சுகளின் ஒரு பகுதியில் நரம்பணுக்களின் மாற்றம் விரைவாகத் தோன்றியது. முன்நுதல் புறணியில் அது மெதுவாகவே வளர்ந்தது. விலங்கின் நடத்தையில் ஏற்பட்ட முன்னேற்றம் இம்மெதுவான மாற்றத்தையே ஒத்திருந்தது.

குரங்குகளில் ஹிப்போகாம்பசும் அதனோடு இணைந்த அமைப்புகளும் பழுதுற்றால், புதிய தொடர்புகளை விரைந்து கற்கும் திறன் குறைகிறது. முன்னரே நன்கு பழகியவை நிலைத்திருக்கின்றன.

நோய்களும் கற்றலும்

பார்க்கின்சன் நோயில் டோபமைன் நரம்பணுக்கள் அழிவதால் அடிநரம்பு முடிச்சுகள் பாதிக்கப்படுகின்றன. 1996 இல் நோல்ட்டன், மாங்கல்ஸ், ஸ்குவயர் ஆகியோர், அட்டைகளிலுள்ள வடிவங்களைப் பார்த்து மழையா வெயிலா எனக் கணிக்கும் சோதனையை நடத்தினர். மறதி நோயாளிகள் பயிற்சி நிகழ்ந்ததை நன்கு நினைவுகூர இயலாதபோதும் படிப்படியாகக் கற்றனர். பார்க்கின்சன் நோயாளிகளோ பயிற்சியை நினைவில் வைத்திருந்தும் கற்கத் தடுமாறினர். நினைவில் கொள்வதும் பழக்கமாக்கிக்கொள்வதும் மூளையில் வெவ்வேறு வழிகளில் நிகழ்கின்றன என்பதற்கு இது முக்கிய சான்றாகும்.

எனினும் பார்வைக் குறிப்புகள் இந்நோயாளிகளுக்குப் பிறிதொரு வகையில் பயன்படுகின்றன. நடக்கையில் கால் உறைந்து நின்றுவிடும் சிலர், தரையில் குறுக்காக வரையப்பட்ட கோடுகளைக் கண்டு அவற்றைத் தாண்டி அடியெடுத்து வைக்க முடிகிறது. இதனை பர்டன் மார்ட்டின் 1967 ஆம் ஆண்டில் விவரித்தார். பாதிப்புற்ற பாதையைத் தவிர்த்து, பார்வையால் வழிநடத்தப்படும் வேறு பாதைகள் நடையைத் தொடங்க உதவுவதே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. நடைப் பயிற்சி மருத்துவத்தில் இம்முறை பயன்படுத்தப்படுகின்றது.

இவற்றையும் பார்க்கவும்

பெருமூளைப் புறணி
டோபமைன்
பார்க்கின்சன் நோய்