நோக்கும் இலக்கும்: பகிர்வு மெய்நிகர் உலகங்களில் அவதார்களின் கண்ணசைவு குறித்து

வில்லியம் ஸ்டெப்டோ, ஆன்டனி ஸ்டீட் முதலியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, மெய்நிகர் உலகங்களை வடிவமைப்போர் மீண்டும் மீண்டும் படிக்க வேண்டியது என்று கருதுகிறேன். சுவர்களே திரைகளாக அமைந்த மூன்று அறைகளை வலையமைப்பால் இணைத்து, அவற்றில் இருந்தவர்களை ஒரே மெய்நிகர் இடத்தில் கூட்டி, பொருள்களை மையமாகக் கொண்ட ஒரு புதிரைச் சேர்ந்து தீர்க்கச் சொன்னார்கள். ஒருவர் மற்றவருக்கு அவதாராகத் தெரிந்தார். அவதாரின் கண்கள் மூன்று விதமாக இயக்கப்பட்டன. முதல் முறையில், தலையில் அணிந்த கருவி பதிந்த உண்மையான பார்வையே கண்களை நடத்தியது. இரண்டாவதில், தலை திரும்பும் திசையை வைத்து ஒரு கணினி மாதிரி கண்ணசைவுகளைத் தானாகப் புனைந்தது. மூன்றாவதில் கண்கள் அசையவே இல்லை. உண்மைப் பார்வை முன்னணியில் நின்றது. ஆனால் அசையாக் கண்களைவிட அது மேல் என்று புள்ளியியல் நோக்கில் உறுதிசெய்ய முடியவில்லை. புனைந்த பார்வையோ பணித்திறனைக் குறைத்துப் பிழைகளைக் கூட்டியது. உயிரோட்டத்துக்காகச் சேர்த்த ஒன்று, உயிரற்ற கண்களைவிட மோசமாகப் போயிற்று.

இதை மாதிரியின் தரக்குறைவு என்று ஒதுக்கிவிடலாகாது. கண் எப்படி அசைகிறது என்பது ஒரு கேள்வி. அது எதை நோக்குகிறது என்பது வேறொரு கேள்வி. திரைப்படப் பாத்திரத்துக்கும் கணினி விளையாட்டின் காவலாளிக்கும் இரண்டையும் கலைஞரே தீர்மானிக்கலாம். அந்தப் பாத்திரத்துக்குப் பின்னால் ஆள் இல்லை. பகிர்வு உலகத்தின் அவதார் உயிருள்ள ஒருவரின் இடத்தில் நிற்கிறது. அதன் நோக்கை மற்றவர்கள் அவருடைய நோக்காகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே அசைவின் விதத்தை மாதிரிகளிடம் தாராளமாக ஒப்படைக்கலாம், இலக்கை அப்படி ஒப்படைக்கலாகாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அசைவின் விதம் பற்றி நமக்கு நிறையவே தெரியும். விழித்திரையின் மையக் குழி கூர்மையாகக் காணும் பரப்பு ஏறத்தாழ 2 பாகைதான். அதனால் கண் ஓரிடத்தில் தங்கி, சட்டென அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. விநாடிக்கு மூன்று முறை வரைகூட இது நிகழ்கிறது. தாவும் தொலைவுக்கும் எடுக்கும் நேரத்துக்கும் நிலையான உறவு உண்டு: அடிப்படையாக 21 மில்லி விநாடி, அதற்குமேல் பாகைக்கு 2.2 மில்லி விநாடி. 10 பாகைத் தாவல் ஏறத்தாழ 43 மில்லி விநாடியில் முடிந்துவிடும். இயல்பான தாவல்களில் பெரும்பாலானவை 15 பாகைக்குள் அடங்குவதை பேஹில், ஆட்லர், ஸ்டார்க் ஆகியோர் 1975இலேயே காட்டினர். தொலைவாக நோக்க வேண்டியிருந்தால் கண் முதலில் பாய்கிறது, தலை பின்தொடர்கிறது. தலை திரும்பிக்கொண்டிருக்கும்போதே, உட்செவியின் தூண்டுதலால் கண்கள் எதிர்த்திசையில் சுழன்று இலக்கைப் பிடித்து வைத்திருக்கின்றன; 10 மில்லி விநாடி அளவிலேயே தொடங்கிவிடும் அனிச்சைச் செயல் இது. இமைகளுக்கும் தனி இலக்கணம் இருக்கிறது. கீழே நோக்கினால் மேலிமை உடன் தாழும். இமைக்கும்போது மூடுவது விரைவாகவும் திறப்பது மெதுவாகவும் நடக்கும். இந்த நுணுக்கம் தவறினால், காரணம் சொல்லத் தெரியாதவரும் முகத்தில் ஏதோ பிசகு இருப்பதை உணர்ந்துவிடுவார்.

இந்த அறிவை அசைவூட்டத்துக்குள் கொண்டுவந்ததில் சூஹா பார்க் லீ, ஜெரமி பேட்லர், நார்மன் பேட்லர் மூவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒரு திருப்புமுனை. மனிதரின் கண்ணசைவுகளைப் பதிந்து, தாவலின் அளவு, திசை, இடைவெளி ஆகியவற்றைப் புள்ளியியல் மாதிரியாக வடித்தார்கள். பேசும்போது ஒரு விதமாகவும் கேட்கும்போது வேறு விதமாகவும் கண் நடந்துகொள்வதை அந்த மாதிரி தனித்தனியே ஏற்றது.

ஆனால் செம்மையான மாதிரியும் வலையமைப்பைக் கடக்கையில் சிதையலாம். விநாடிக்கு 20 முறை நிலைத்தகவல் அனுப்பும் ஓர் உலகில் இரண்டு தகவல்களுக்கு இடையே 50 மில்லி விநாடி இடைவெளி இருக்கிறது. ஒரு முழுத் தாவல் அந்த இடைவெளிக்குள் தொடங்கி முடிந்துவிடும். பெறும் கணினி இரு நிலைகளுக்கும் நடுவே சீரான பாதை போட்டு நிரப்பும்போது, தாவ வேண்டிய கண் வழுக்கிச் செல்கிறது. அவதார் அரைத்தூக்கத்தில் இருப்பவர்போல ஆகிவிடுகிறது. கண்ணின் கோணங்களை அனுப்புவதைவிட, ‘இந்த நேரத்தில், இந்த இலக்கை நோக்கித் தாவல்’ என்ற நிகழ்வை மட்டும் அனுப்பி, தாவலின் வேகத்தையும் இமையின் துணையசைவையும் பெறும் முனையிலேயே மேற்கண்ட உறவுகளைக் கொண்டு மீட்டெடுப்பது மேல். இங்கே கணினி புனைவது அசைவின் வடிவத்தை மட்டுமே. அதில் யாரும் ஏமாறுவதில்லை.

இலக்கைப் புனைவதற்கும் சான்று இருக்கிறதே என்று கேட்கலாம். மையா கராவ், மெல் ஸ்லேட்டர் முதலியோர் 2001இல் செய்த ஆய்வில் இருவர் உரையாடினார்கள். தற்போக்காகக் கண்ணையும் தலையையும் அசைத்த அவதார், வெறும் குரல்வழி உரையாடலைவிட எந்த மேம்பாட்டையும் தரவில்லை. ஒலியை வைத்து யார் பேசுகிறார், யார் கேட்கிறார் என்று ஊகித்து அதற்கேற்பக் கண்ணை நடத்திய அவதாரோ தெளிவாக மேம்பட்டு நின்றது. பேச்சின் முறைமாற்றத்தோடு பார்வை எவ்வளவு பிணைந்தது என்பதை ஆடம் கெண்டன் 1967இலேயே விளக்கியிருந்தார்: பேசத் தொடங்குபவர் பார்வையை விலக்குகிறார், முடிக்கும் தறுவாயில் மீண்டும் எதிராளியை நோக்கி முறையைக் கைமாற்றுகிறார். கராவ் குழுவின் ஊகம் அந்த ஒழுங்கின்மீது நின்றது.

அந்த வெற்றிக்கும் 2009இன் தோல்விக்கும் முரண் இல்லை என்றே நினைக்கிறேன். இருவர் மட்டும் பேசும்போது நோக்கின் இலக்குக்கு இரண்டே விடைகள்தாம்: எதிரில் இருப்பவர், அல்லது வேறெங்கோ. அதைக் குரலிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம். மூவரும் பல பொருள்களும் உள்ள இடத்தில் நோக்கு ஒரு சுட்டுவிரலாகிவிடுகிறது. எந்தப் பொருள், எந்த ஆள் என்ற தகவலை அது ஏந்துகிறது. அங்கே ஊகம் பிழைத்தால் அது தவறான தகவல். அசையாக் கண்கள் தகவல் தருவதில்லை. ஆதலால் பங்கேற்பாளர் தலையையும் கையையும் நம்பிக்கொள்கிறார். தாவித் திரியும் புனைகண்களோ நம்பச் சொல்லிப் பொய் சொல்கின்றன.

கராவ் குழு 2003இல் கண்ட மற்றொரு முடிவும் இதோடு சேர்த்து எண்ணத்தக்கது. மெய்போன்ற முகமுள்ள அவதாருக்கு ஊகித்த நோக்கு நன்மை செய்தது. எளிமையான உருவுள்ள அவதாருக்கு அது உதவவில்லை. தோற்றம் எவ்வளவு வாக்களிக்கிறதோ அவ்வளவைத்தான் கண்ணிடம் நாம் எதிர்பார்க்கிறோம். கோட்டோவிய முகங்களுக்கு மனிதக் கண்ணின் துடிப்பைப் பொருத்துவதில் அவசரம் காட்டுவோர் இதைக் கவனிக்கவேண்டும்.

புனைந்த இலக்கின் ஆபத்து பிழையோடு நின்றுவிடுவதில்லை. ஜெரமி பெய்லென்சனும் சகாக்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் இரண்டு கேட்போருக்கு ஒரு கருத்தை எடுத்துரைத்தார். இயல்பான உலகில் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் நோக்க முடியும். மெய்நிகர் உலகில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒவ்வொரு கேட்பவரின் திரையிலும் பேச்சாளர் தன்னையே விடாமல் நோக்குவதாகக் காட்டலாம். அப்படிக் காட்டியபோது கேட்போர் தந்திரத்தைக் கண்டுகொள்ளவில்லை. பெண்கள் அந்தக் கருத்தை அதிகமாக ஏற்றார்கள். அதே உத்தி விற்பனையாளர் கையிலும் அரசியல் மேடையிலும் என்ன ஆகும் என்று எண்ணும்போது, இலக்கைப் புனைவதை அழகியல் விவகாரமாக மட்டும் கருத என்னால் முடியவில்லை.

அப்படியானால் உண்மைப் பார்வையை அப்படியே கடத்துவதே தீர்வா? அதிலும் இரண்டு சிக்கல்கள். முதலாவது அளவீட்டுப் பிழை. 1.5 மீட்டர் தொலைவில் 1 பாகை என்பது ஏறத்தாழ 2.6 சென்டிமீட்டர், 3 பாகைப் பிழை என்றால் 8 சென்டிமீட்டரை நெருங்கிவிடும். கண்ணைப் பார்த்துப் பேசுபவர் காதைப் பார்த்துப் பேசுவதாகத் தோன்ற அது போதும். இதைத் தவிர்க்க, அருகிலுள்ள முகத்தோடு நோக்கைப் பொருத்திவிடுவது எளிய வழி. ஆனால் அருகருகே இருவர் நின்றால் அந்தப் பொருத்தமும் ஊகமாகிவிடும். அளவீடு ஐயமாக இருக்கும்போது எந்த முகத்தோடும் பொருத்தாமல் விடுவதே நேர்மை.

இரண்டாவது சிக்கல் ஆழமானது: கண், அதன் உடைமையாளர் சொல்ல நினைத்ததைவிட அதிகம் சொல்கிறது. ஸ்டெப்டோ குழு 2010இல் காட்டியபடி, பதிவுசெய்த கண்ணசைவை அவதாரில் சேர்த்தபோது பார்ப்போர் மெய்யையும் பொய்யையும் இன்னும் துல்லியமாகப் பிரித்தறிந்தார்கள். 2024இல் வெளியான ‘கேஸ்ப்ளாய்ட்’ என்ற ஆய்வு இன்னும் கடுமையானது. ஆப்பிளின் விஷன் புரோ கருவியை அணிந்தவர் மெய்நிகர் விசைப்பலகையில் எழுத்துகளைக் கண்ணால் நோக்கித் தட்டச்சு செய்கிறார். அவருடைய உருவமான ‘பெர்சோனா’வின் கண்களை எதிர்முனையில் இருந்தபடி பார்த்தே, அவர் என்ன எழுதுகிறார் என்பதை ஆய்வாளர்கள் ஊகித்தார்கள், கடவுச்சொற்கள் உட்பட. மெய்நிகர் விசைப்பலகை இயங்கும்போது பெர்சோனாவை நிறுத்திவைப்பதன் மூலம் ஆப்பிள் இதைச் சரிசெய்தது. அந்தத் திருத்தத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பொய்யான பார்வையைக் காட்டி மறைக்காமல், காட்டுவதையே நிறுத்தினார்கள்.

கண்பதிவுக் கருவி இல்லாதவர்கள் என்ன செய்வது என்பதே எதிர்வாதத்தின் வலுவான பகுதி. 2022இல் வந்த குவெஸ்ட் புரோ என்ற தலையணிக் கருவியில் கண்பதிவு இருந்தது; 2023இன் குவெஸ்ட் 3இல் இல்லை. தலையின் திசையில் நிலைகுத்திய கண்களும் ஒரு பொய்தானே, ஓயாத முறைப்பாகத் தோன்றுமே என்று கேட்கலாம். நெருக்கம் கூடும்போது பார்வையைக் குறைத்து மனிதர் சமநிலை காப்பதாக ஆர்கைலும் டீனும் 1965இல் முன்வைத்த கருத்து இந்தக் கேள்விக்கு வலு சேர்க்கிறது. என் விடை இது: இமைப்பையும், இமைத் தாழ்வையும், ஓரிரு பாகைக்குள் அடங்கும் சிறு தாவல்களையும் மாதிரி தரட்டும். இருவர் மட்டும் உரையாடும்போது, முறைமாற்றத்தை ஒட்டிப் பார்வையை விலக்கவும் செய்யட்டும். அதற்குச் சான்று உண்டு. அறையில் மூன்றாம் ஆள் நுழைந்ததும், அல்லது பொருள்கள் பேச்சின் மையமானதும், இலக்குத் தேர்விலிருந்து மாதிரி விலகிக்கொள்ள வேண்டும். மூத்தவர் எதிரில் கண்ணைத் தாழ்த்திப் பேசுவதை மரியாதையாக வளர்த்த வீடுகள் நம்மிடையே ஏராளம். நேர்நோக்கைத் தாங்கிக்கொள்ள இயலாத, ஆட்டிசம் உள்ளவர்களும் உண்டு. அவர்கள் பார்க்காத பார்வையை அவர்கள் பெயரில் வெளியிட எந்த மாதிரிக்கும் உரிமையில்லை.

இதற்கேற்ப மதிப்பீட்டு முறையும் மாறவேண்டும். ‘கண்கள் எவ்வளவு இயல்பாக இருந்தன?’ என்ற வினாத்தாள் விடைகளை மட்டும் வைத்து ஒரு மாதிரியை ஏற்பது போதாது. மூவருக்குக் குறையாதவர்களையும் சுட்டிப் பேசவேண்டிய பொருள்களையும் கொண்ட பணியில் மாதிரியை நிறுத்தி, அவதார் எதை நோக்குவதாக மற்றவர்கள் எண்ணினார்கள், கருவியை அணிந்திருந்தவர் உண்மையில் எதை நோக்கினார் என்று இரண்டையும் ஒப்பிட்டு, அந்த வேறுபாட்டையும் வெளியிட வேண்டும்.