ரக்பி நாட்டில் ஒரு கால்பந்து: பிஜித் தீவின் கதை

2016 ஆகஸ்ட் 10. ரியோ ஒலிம்பிக்கில் பிஜித் தீவின் கால்பந்து அணி ஜெர்மனியிடம் 0-10 என்று தோற்றது. மறுநாள் அதே நாட்டின் ரக்பி அணி, ஏழு பேர் ஆடும் ரக்பியின் இறுதி ஆட்டத்தில் பிரிட்டனை 43-7 என்று வீழ்த்தித் தங்கம் வென்றது. ஒலிம்பிக்கில் பிஜி வாங்கிய முதல் பதக்கமே அதுதான். அந்த மகிழ்ச்சியில் அரசாங்கம் 7 டாலர் நோட்டு ஒன்றையே அச்சடித்து வெளியிட்டது. முந்தைய நாள் தோற்றவர்களை யார் நினைத்திருப்பார்கள்?

எனக்கு அந்தத் தோற்றவர்கள் மீதுதான் ஆர்வம் வந்தது. காரணம் இருக்கிறது. எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் கண்மாய் வற்றிவிட்டால் அது கிரிக்கெட் மைதானம். கருவேல முள்ளை ஒதுக்கிவிட்டு மூன்று குச்சி நட்டால் ஆட்டம் ஆரம்பம். கால்பந்து கொண்டுவருகிறவன் ஓரமாகத்தான் நிற்க வேண்டும். ஒரு விளையாட்டு ஊரையே பிடித்துக்கொண்டால் இன்னொரு விளையாட்டு எப்படி வளரும்? பிஜியின் கதையில் இதற்குப் பதில் இருக்கிறது. அதில் நம் ஆட்களும் இருக்கிறார்கள்.

கப்பலேறிப் போனவர்கள்

எங்கள் திருச்சுழியில் ரமண மகரிஷி பிறந்த ஆண்டு 1879. சிறு வயதில் அவர் கால்பந்து விளையாடுவாராம். அவர் இருக்கும் பக்கமே ஜெயிப்பதால் நண்பர்கள் அவருக்குத் 'தங்கக்கை' என்று பட்டப்பெயர் வைத்ததாகச் சொல்வார்கள். அதே 1879 மே மாதத்தில்தான் லியோனிதாஸ் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து 463 கூலிகளுடன் பிஜியை அடைந்தது. அங்கே கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவை. ஆனால் கவர்னர் ஆர்தர் கார்டன், பிஜியின் பூர்வகுடிகளைத் தோட்ட வேலைக்கு இழுக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தார். அதனால் இந்தியாவிலிருந்து ஐந்து வருட ஒப்பந்தத்தில் ஆட்களைக் கொண்டுவந்தார்கள்.

1916 வரை சுமார் 60,000 பேர் போனார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் கிளம்பின. மொத்தத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர் தமிழ், தெலுங்கு, மலையாளம் பேசிய தென்னிந்தியர்கள். (எங்கள் வட்டாரத்து ஜனங்கள் பெரும்பாலும் இலங்கை, பர்மா, மலேயா என்றுதான் போனார்கள்.) அங்கே பெண்கள் பட்ட பாட்டைத்தான் பாரதியார் 'கரும்புத் தோட்டத்திலே' என்று பாடினார். 1920இல் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுக்கு வந்தது. பெரும்பாலானவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

இரண்டு பந்து, இரண்டு இனம்

பிஜிக்கு ரக்பி வந்தது 1884 வாக்கில். பா என்ற ஊரில் ஐரோப்பியச் சிப்பாய்களும் பூர்வகுடிச் சிப்பாய்களும் சேர்ந்து ஆடியதாக வரலாறு. பிறகு ராணுவம், போலீஸ், பள்ளிக்கூடம், கிராமம் என்று எல்லா வழியிலும் அது பூர்வகுடிகளிடம் பரவியது.

அந்த வழிகளில் இந்தியர்களுக்கு இடம் குறைவு. குடியேற்ற ஆட்சி இனங்களைத் தனித்தனியே வைத்திருந்தது. பள்ளிக்கூடம் வேறு, குடியிருப்பு வேறு. விளையாட்டும் வேறாகிவிட்டது. 'இந்தியனுக்கு உடம்பு பத்தாது, அதனால் ரக்பி ஆடவில்லை' என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். உடம்பைவிட அந்த ஏற்பாடே பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. கால்பந்துக்கு ஒரு பந்தும் அறுவடை முடிந்த வயலும் போதும். கரும்பு வெட்டியவர்களின் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

1938இல் பிஜி இந்தியக் கால்பந்துச் சங்கம் உருவானது. அதே ஆண்டு மாவட்டங்களுக்கு இடையிலான போட்டியும் தொடங்கியது. இன்றும் பிஜியில் கால்பந்து என்றால் அந்தப் போட்டிதான் திருவிழா. இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கப்பலிலிருந்து இறங்கியபோது அவர்கள் மதராசி, வடநாட்டான், இந்து, முஸ்லிம் என்று பிரிந்திருந்தார்கள். மைதானத்தில் 'நான் பா, நீ ரேவா' என்று ஆனார்கள். அதற்காக வீட்டு மொழியை விட்டுவிடவில்லை. 1926இல் சாது குப்புசுவாமி தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் பள்ளிக்கூடங்கள் நடத்தியது. ஈஸ்டர் விடுமுறையில் அந்தச் சங்கத்தின் மாநாட்டில் கால்பந்துப் போட்டியும் உண்டு.

நீக்கிய ஒரு சொல்

1961இல் சங்கத்தின் பெயரிலிருந்து 'இந்திய' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். எல்லா இனத்தவருக்கும் கதவு திறந்தது. இந்த வரலாற்றில் மிக முக்கியமான சம்பவம் இதுதான் என்பது என் கருத்து. தங்களுக்கென்று இருந்த ஒரே மைதானத்தைப் பங்கு போட்டுக்கொள்வது சின்ன விஷயமா? மெல்ல மெல்லப் பூர்வகுடி இளைஞர்கள் வந்தார்கள். இன்று ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். நிர்வாகத்திலும் ரசிகர் கூட்டத்திலும் இந்திய வம்சாவளியினர் நிறைந்திருக்கிறார்கள்.

பலன் கிடைத்தது. 1977இல் பிஜி ஆஸ்திரேலியாவை 1-0 என்று தோற்கடித்தது. 1988 நவம்பரில் நாடியில் நடந்த உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்திலும் அதே 1-0. அந்த இரண்டாவது வெற்றியின் காலத்தைப் பாருங்கள். அதற்கு முந்தைய வருடம், 1987இல், இரண்டு முறை ராணுவப் புரட்சி நடந்தது. இந்தியர்கள் கை ஓங்கிய அரசு என்று சொல்லித்தான் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். இந்தியர்கள் கூட்டம் கூட்டமாக நாட்டை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த நேரத்தில் கிடைத்த வெற்றி அது.

உடனே 'கால்பந்து இனப்பகையைத் தீர்த்தது' என்று எழுதிவிடக் கூடாது. தீர்க்கவில்லை. 1986இல் மக்கள்தொகையில் பாதிக்கு நெருக்கமாக இருந்த இந்தியர்கள் 2007 கணக்கெடுப்பில் 37 சதவீதமாகக் குறைந்துவிட்டார்கள். 2000இல் மறுபடியும் ஒரு புரட்சி. மைதானத்தின் கோட்டைத் தாண்டினால் பழைய பிளவு அப்படியே இருந்தது. ஆனாலும் கோட்டுக்குள்ளே ஒன்றாக நின்று பழகினார்கள். அதையும் மறுக்க முடியாது.

ராய் கிருஷ்ணா

ரியோவில் மெக்சிகோவுக்கு எதிராக பிஜி ஒரு கோல் போட்டது. ஒலிம்பிக் கால்பந்தில் பிஜியின் முதல் கோல். அடித்தவர் அணித்தலைவர் ராய் கிருஷ்ணா, லம்பாசா ஊர்க்காரர், இந்திய வம்சாவளி. 2019இல் அவர் இந்தியன் சூப்பர் லீக்கில் ஆட கொல்கத்தாவுக்கு வந்தார். அந்த சீசனில் 15 கோல். 2020 மார்ச்சில் அவருடைய அணி இறுதி ஆட்டத்தில் சென்னையின் எஃப்.சி.யை 3-1 என்று வென்றது. 140 வருடங்களுக்கு முன்னால் கூலிக் கப்பல் புறப்பட்ட அதே ஊருக்கு, கூலிகளின் வம்சத்தில் வந்த ஒருவர் நட்சத்திரமாகத் திரும்பியிருக்கிறார்!

பிஜியில் ரக்பிதான் இன்னமும் ராஜா. வெளிநாட்டு ஒப்பந்தமும் பணமும் அதில்தான் அதிகம். 2015இல் இருபது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஹோண்டுராஸை 3-0 என்று வென்ற பிஜி, 2025 மார்ச்சில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் நியூசிலாந்திடம் 0-7 என்று தோற்றது. ஏற்றமும் இறக்கமுமாகத்தான் போகிறது.

ஆனால் நான் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. சின்ன விளையாட்டு பெரிய விளையாட்டோடு மோதி வளர்வதில்லை. அது இன்னொருவனையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டுதான் வளர்கிறது. அடுத்த முறை கண்மாயில் யாராவது கால்பந்தோடு ஓரமாக நின்றால், ஒரு ஓவரை நிறுத்திவிட்டு அவனைக் கூப்பிட்டுப் பாருங்கள்.